ரம் தீவில் ஓர் இரவு: ஜூனா, ஆகஸ்ட் கடைசியா?

கிளைட்கரை எழுதியது:

வணக்கம். நான் கிளாஸ்கோவுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவமனையில் செவிலியர் வேலை. ஒருநாள் இரவுப் பணி முடிந்து கெல்வின் ஆற்றங்கரையில் நடந்து வீட்டுக்குப் போகும்போது பாலத்தடியில் ஒரு மீன்கொத்தியைப் பார்த்தேன். அன்று தொடங்கியது இந்தப் பறவைப் பித்து. இப்போது 8x42 பைனாகுலர் ஒன்று வாங்கிவிட்டேன். பையில் அது இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ரம் தீவுக்குப் போக வேண்டும் என்று ஓராண்டாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். காரணம் மாங்க்ஸ் ஷியர்வாட்டர். மலை உச்சியில் வளை தோண்டி முட்டையிடும் கடற்பறவை என்று படித்ததிலிருந்து அந்த நினைப்பு விடவில்லை. வெண்வால் கடற்கழுகையும் பார்க்க ஆசை. உடன் வேலை செய்பவர்கள், "கழுகுதான் வேண்டும் என்றால் மல் தீவுக்குப் போ, கார் போகும், சாலை இருக்கிறது, ரம்மில் என்ன இருக்கிறது" என்கிறார்கள்.

எனக்கு விடுப்பு கிடைக்கக்கூடியது இரண்டே வாரங்களில்: ஜூன் மூன்றாம் வாரம் அல்லது ஆகஸ்ட் கடைசி வாரம். எது நல்லது? அம்மாவும் என்னோடு வருகிறார். அவருக்கு 63 வயது. தினமும் ஒரு மணி நேரம் நடப்பார், ஆனால் படியிறங்கும்போது முழங்கால் வலிக்கும். அவரால் அந்த மலைக்கு ஏற முடியுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


சாரல் எழுதியது:

தம்பி, முதலில் நிலாவைப் பாருங்கள். மாதத்தைப் பிறகு முடிவு செய்யலாம். வீட்டில் தினசரிக் காலண்டர் இருந்தால் அந்த இரண்டு வாரங்களில் எது அமாவாசைக்கு அருகில் வருகிறது என்று கிழிக்காத தாள்களைப் புரட்டிப் பாருங்கள். நான் நான்கு முறை ரம்முக்குப் போயிருக்கிறேன். இதை யாரும் முதலிலேயே சொல்லாததால் முதல் பயணம் எனக்கு வீணானது.

அது ஜூன் மாதம். வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மறுநாள் பௌர்ணமி. இவ்வளவு நல்ல இரவு கிடைத்ததே என்று மகிழ்ந்து ஹாலிவல் மலைச் சரிவில் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். பாறைகளின் நிழல்கூடத் தெளிவாக விழுந்தது. எங்கோ தொலைவில் நான்கைந்து குரல்கள் கேட்டன, அவ்வளவுதான். ஒரு பறவைகூட அருகில் இறங்கவில்லை.

காரணம் அதன் கால்களில் இருக்கிறது. ஷியர்வாட்டரின் கால்கள் உடலின் பின்பக்கத்தில், நீந்துவதற்கென்றே அமைந்தவை. நிலத்தில் அதனால் நிமிர்ந்து நிற்க முடியாது. வயிற்றைத் தரையில் தேய்த்து, சிறகுகளை ஊன்றித் தவழும். கடலில் அலையின் முகட்டைச் சிறகு நுனியால் சீவிக்கொண்டு போகும் அதே பறவை, மண்ணில் கால் வைத்த நொடியில் கருமுதுகுக் கடற்காகத்துக்கும் கழுகுக்கும் இரையாகிவிடும். அதனால் பகலெல்லாம் கடலிலேயே இருந்து, அந்தி சாயும் நேரத்தில் தீவைச் சுற்றி நீரில் ஆயிரக்கணக்கில் கூடி மிதந்து, நன்றாக இருட்டிய பிறகுதான் மலையேறி வரும். நிலா காயும் இரவில் பல பறவைகள் வருவதே இல்லை. மேகம் மூடிய இரவும் தூறலும் நமக்குத் தொல்லை, அவற்றுக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது முறை ஆகஸ்டில் போனேன். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு. மாலை ஆறு மணிக்குக் கின்லாக் கிராமத்திலிருந்து கிளம்பி, கோட்டைக்குப் பின்னால் ஓடையை ஒட்டிப் போகும் பாதையில் ஏறினேன். கோயர் டூ என்ற பள்ளத்தாக்கைக் கடந்தால் பார்க்வலுக்கும் ஹாலிவலுக்கும் நடுவில் ஒரு கணவாய் வரும். அதற்கு மேல் பாதை என்று ஒன்றும் கிடையாது. ஈரப் புல்லும் உடைந்த பாறையும்தான். ஹாலிவலின் உயரம் 723 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து தொடங்குவதால் அத்தனை மீட்டரையும் நம் கால்தான் ஏற வேண்டும். எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது.

வெளிச்சம் இருக்கும்போதே மேலே போய்விட வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கரும்பழுப்பு மலையில் அங்கங்கே திட்டுத்திட்டாகப் பச்சைப் புல் தெரியும், வயல் நாற்றங்கால்போல. பல நூறு ஆண்டுகளாக அந்தப் பறவைகளின் எச்சம் விழுந்து உரமான இடங்கள் அவை. புல்லுக்கடியில் மண்ணெல்லாம் வளைகள். தெரியாமல் மிதித்தால் கூரை இடிந்து குஞ்சின் மேல் விழும். அதனால் பச்சையில் கால் வைக்காமல், அதன் ஓரத்தில் ஒரு பாறையைப் பகலிலேயே தேர்ந்துகொண்டு அங்கே உட்கார்ந்துவிடுங்கள்.

பதினொன்றரை மணிக்கு முதல் பறவை வந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. காதருகே காற்றைக் கிழிக்கும் 'விர்ர்' என்ற ஓசை, பிறகு புல்லில் ஈரத்துணி மூட்டை விழுந்ததுபோல் 'பொத்'. அடுத்து நான் உட்கார்ந்திருந்த பாறைக்குக் கீழே, மண்ணுக்குள்ளிருந்து அதன் இணை குரல் கொடுத்தது. தொண்டை கட்டிய சேவல் கூவத் தொடங்கி, பாதியில் மூச்சு முட்டி, மறுபடி கூவினால் எப்படி இருக்கும்? அதுதான் அந்தக் குரல். ஆணின் குரலில் கொஞ்சம் தெளிவு இருக்கும், பெண்ணின் குரல் கரகரப்பாக இருக்கும். அரை மணி நேரத்தில் மலை முழுவதும் அழுகையும் சிரிப்புமாகக் கலந்து கேட்டது. பக்கத்து மலைக்கு வைக்கிங் காலத்து மாலுமிகள் வைத்த பெயர் ட்ரோலவல், பூதங்களின் மலை. இந்தக் குரல்களைக் கேட்டுத்தான் அப்படிப் பெயரிட்டார்கள் என்பார்கள். அங்கே தனியாக உட்கார்ந்திருந்த எனக்கு அதை நம்புவது கடினமாக இல்லை.

ஒரு பறவை என் காலணி மேலேயே வந்து விழுந்தது. நானூறு கிராம் இருக்கும். சிவப்பு ஒளி விளக்கில் அதன் கருத்த முதுகும் வெள்ளைத் தொண்டையும் தெரிந்தன. எண்ணெயும் கடலும் கலந்த ஒரு வாசனை. என் பாதத்தை ஒரு பாறையாக எண்ணி மெல்லத் தவழ்ந்து இறங்கி வளைக்குள் போய்விட்டது. நான் மூச்சுவிடவும் பயந்து உட்கார்ந்திருந்தேன். இந்த ஒரு தீவின் மலைகளில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள் வளை வைத்திருக்கின்றன. உலகின் மிகப் பெரிய மாங்க்ஸ் ஷியர்வாட்டர் குடியிருப்புகளில் இதுவும் ஒன்று. மல் தீவுக்குப் போகச் சொன்ன உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

விடியும் வரை இருந்தேன். வெளுக்கும்போது ஒரு பெண் செம்மான் பச்சைத் திட்டில் மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி ஒரு செய்தி. இந்த மலைகளின் மண்ணில் தாதுச்சத்து குறைவு. கொம்பும் எலும்பும் வளரச் சுண்ணாம்புச் சத்துத் தேடும் மான்கள் சில சமயம் வளைக்கு வெளியே வரும் ஷியர்வாட்டர் குஞ்சுகளின் தலையையும் காலையும் கடித்துத் தின்னும். 1980களில் ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்தார்கள். படித்தபோது மனம் பதறியது. அந்தக் காலையில் அந்த மானைப் பார்த்தபோது வெறுப்பு வரவில்லை. கடலின் மீன் பறவை வழியாகப் புல்லாகி, புல் மானாகி, போதாத சத்துக்கு மான் மறுபடி பறவையிடமே வருகிறது.

அம்மாவைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இரவில் அந்த மலையில் இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். முழங்கால் வலி உள்ளவரை அழைத்துப் போகாதீர்கள். கிராமத்திலேயே அவருக்குப் பார்க்க நிறைய இருக்கிறது. லோக் ஸ்க்ரெசார்ட் விரிகுடாவின் தென்கரையில் கொஞ்ச தூரம் நடந்தால் நீர்நாய் பார்ப்பதற்கென்று ஒரு மரக்கூடம் கட்டியிருக்கிறார்கள். கையில் ஒரு பிளாஸ்க் டீயும் பொறுமையும் இருந்தால் போதும். நீங்களும் தனியாக மலையேற வேண்டாம். கோடையில் இரவு நடை ஏதும் இருக்கிறதா என்று தீவின் வனக்காவலரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.


அபர்டீன்வாசி எழுதியது:

சாரல் அவர்கள் சொன்ன நிலாக் கணக்கை அப்படியே ஏற்கிறேன். ஆனால் இரண்டு வாரங்களும் அமாவாசையை ஒட்டி வந்தால் என் ஓட்டு ஜூனுக்கு.

ஷியர்வாட்டர் முதன்முதலில் முட்டையிட ஐந்தாறு வயதாகும். அதற்கு முன்பே இணையில்லாத இளம் பறவைகள் இடம் தேடிக் கோடை இரவுகளில் மலைக்கு வந்து போகும். இரவின் பெருங்கூச்சல் பெரும்பாலும் அவற்றுடையதுதான். ஆகஸ்ட் கடைசிக்குள் அவை கிளம்பிவிடும். அப்போது மலை ஓரளவு அமைதியாகத்தான் இருக்கும். ஜூனில் முழு இருட்டு கிடையாது, நள்ளிரவிலும் வடக்கு வானம் சாம்பல் நிறமாகவே இருக்கும், அது உண்மை. மேகம் இருந்தால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

இன்னொன்று, பஃபின் என்ற கடற்பறவை. ஆகஸ்ட் தொடக்கத்திலேயே அவை கடலுக்குப் போய்விடும். ஜூனில் மாலெய்க் துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்பியதும் மேல்தளத்தில் நின்றால் பஃபின், கில்லிமாட், ரேசர்பில், கேனட் எல்லாம் ஒரே பயணத்தில் கிடைக்கும். ஷியர்வாட்டர் கூட்டம் பகலிலும் கடலில் தெரியும். உங்கள் அம்மா மலையேறாமலே அந்தப் பறவையைப் பார்க்க அதுவே வழி. காற்று எதிர்த்திசையில் வீசும் நாளில் ஒரு பக்கம் கருப்பு, மறு பக்கம் வெள்ளை என்று மாறி மாறிப் புரண்டு போவது பார்க்கப் பார்க்க அலுக்காது.

பயணத்தைப் பொறுத்தவரை: கிளாஸ்கோவிலிருந்து மாலெய்க்குக்கு ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரம்முக்குத் தினமும் கப்பல் கிடையாது. பார்வையாளர்கள் காரைக் கொண்டுபோக முடியாது. அதோடு, காற்று அடித்தால் கப்பல் நின்றுவிடும். எனக்கு ஒருமுறை அப்படி இரண்டு நாள் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. திரும்பிய மறுநாளே பணியில் சேர வேண்டும் என்று விடுப்பு எழுதாதீர்கள். உணவு கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். மிட்ஜ் என்ற கடிக்கும் பொடிப் பூச்சிக்குத் தலைவலை கட்டாயம். காற்றில்லாத மாலையில் அது இல்லாமல் நிற்கவே முடியாது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. கரையோரம் நடக்கும்போது புல்லில் வரிவரியாக மேடுகள் தெரிந்தால் நின்று பாருங்கள். மக்கள் உருளைக்கிழங்கும் தானியமும் விளைவித்த பாத்திகள் அவை. 1826-இல் சுமார் 300 பேரைக் கப்பலேற்றிக் கனடாவின் கேப் பிரெட்டனுக்கு அனுப்பிவிட்டு, தீவை ஆட்டுப் பண்ணை ஆக்கினார்கள். இன்று நாம் 'மனிதர் இல்லாத இயற்கை' என்று வியக்கும் இடம் மனிதர்கள் வெளியேற்றப்பட்ட இடம்.


கிளைட்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. காலண்டரைப் பார்த்துவிட்டேன். ஜூன் வாரம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் வியாழக்கிழமை அமாவாசை. பஃபினை இழப்பது வருத்தம்தான், ஆனாலும் முடிவு ஆகிவிட்டது.

அக்கா, உங்களிடம் இரண்டு கேள்விகள். மலை அமைதியாக இருக்கும் என்றால், கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டால் வளைக்குள்ளிருந்து பதில் வருமா? அப்படிச் செய்வது சரியா? இரண்டாவது, ஆகஸ்ட் கடைசியில் குஞ்சுகளைப் பார்க்க வாய்ப்பு இருக்கிறதா? கழுகைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?


சாரல் எழுதியது:

பதில் வரும் தம்பி. அதனால்தான் செய்யாதீர்கள் என்கிறேன். வளைக்குள் இருக்கும் பறவைகளைக் கணக்கிட ஆய்வாளர்கள் அதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். பகலில் வளை வாயில் குரலை ஒலிக்கவிட்டு, எத்தனை வளைகளிலிருந்து பதில் வருகிறது என்று எண்ணுவார்கள். அது அனுமதி பெற்று, அளவோடு செய்யும் வேலை. நாம் செய்தால், தன் வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டதாக அந்தப் பறவை பதறும். எத்தனையோ கிலோமீட்டர் இரை தேடி வந்து களைத்திருக்கும் உயிர் அது. மலை எவ்வளவு குரல் தருகிறதோ அவ்வளவு போதும். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கவும் வேண்டாம்.

கழுகை நான் மறக்கவில்லை. கின்லாக்கில் காலையில் கடற்காகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டு எழும்பினால் உடனே தலையை நிமிர்த்துங்கள். அநேகமாக அதுதான் வந்திருக்கும். முறம்போல அகன்ற சிறகு, விரித்தால் எட்டடி இருக்கும். அந்தப் பறவையின் வரலாறே இந்தத் தீவோடு சேர்ந்தது. பிரிட்டனில் எஞ்சிய கடைசிக் கழுகை ஷெட்லாந்தில் 1918-இல் சுட்டுவிட்டார்கள். பிறகு 1975 முதல் 1985 வரை நார்வேயிலிருந்து 82 கழுகுக் குஞ்சுகளைக் கொண்டுவந்து ரம்மில் வளர்த்துப் பறக்கவிட்டார்கள். அவற்றின் வழியில் பிறந்த முதல் குஞ்சு 1985-இல் மல் தீவில் கூட்டைவிட்டுப் பறந்தது. உங்கள் நண்பர்கள் மல்லில் பார்க்கும் கழுகுகளின் பூர்வீகம் ரம்தான். கூடு எங்கே என்று மட்டும் தேடிப் போகாதீர்கள். கூட்டில் இருக்கும் கழுகைக் கலைப்பது சட்டப்படி குற்றம்.

இனி குஞ்சு. நீங்கள் தேர்ந்தெடுத்த வாரம் அதற்குச் சரியான வாரம். வளைக்குள் ஒற்றைக் குஞ்சுதான் இருக்கும். பெற்றோர் ஊட்டி ஊட்டித் தங்களைவிட எடை கூடியதாக ஆக்கிவிடுவார்கள். பிறகு ஒருநாள் வருவதை நிறுத்திவிட்டுத் தெற்கே கிளம்பிவிடுவார்கள். குஞ்சு ஒரு வாரத்துக்கும் மேலாகப் பட்டினி கிடந்து, மெலிந்து, இரவில் வெளியே வந்து ஒரு கல்லின் மேல் ஏறிச் சிறகடித்துப் பார்க்கும். கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பஞ்சு இன்னும் ஒட்டியிருக்கும். பிறகு ஓர் இரவில் தானாகவே கடலுக்குப் போய்விடும். வழிகாட்ட யாருமில்லாமல் பிரேசில், அர்ஜென்டினா கடல் வரை போகும். வேல்ஸில் காலில் அடையாள வளையமிட்ட ஒரு குஞ்சு பதினாறாம் நாள் பிரேசிலில் கிடைத்திருக்கிறது. தப்பிப் பிழைத்தால் நீண்ட ஆயுள். 1957-இல் வேல்ஸின் பார்ட்ஸி தீவில் வளர்ந்த பறவையாகப் பிடித்து வளையமிட்ட ஒன்றை 2003-இல் உயிரோடு மறுபடியும் பார்த்தார்கள்.

அம்மாவுக்காக ஒன்று சொல்கிறேன். திரும்பும்போது மாலெய்க்கில் ஓர் இரவு தங்க முடியுமா? ஆகஸ்ட் முடிவிலும் செப்டம்பரிலும் மூடுபனி இறங்கும் இரவுகளில், கடலுக்குக் கிளம்பிய குஞ்சுகள் துறைமுக விளக்குகளைப் பார்த்து வழிதவறித் தெருவில் விழுந்துவிடும். சமதளத்திலிருந்து அவற்றால் எழும்பிப் பறக்க முடியாது. கார்களுக்கு அடியிலும் மீன் பெட்டிகளுக்கு நடுவிலும் ஒண்டிக்கொள்ளும். ஊர்க்காரர்கள் டார்ச்சோடு தெருத்தெருவாகத் தேடி எடுத்து, அட்டைப் பெட்டியில் வைத்து, எடை பார்த்து வளையமிட்டு, மறுநாள் படகில் கொண்டுபோய்க் கடலில் விடுவார்கள். மூன்றாவது பயணத்தில் நானும் அவர்களோடு தேடினேன். ஒரு பெட்டிக் கடையின் படிக்கட்டில் ஒரு குஞ்சு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. குளிருக்கு நான் போட்டிருந்த கம்பளிச் சால்வையால் மூடி எடுத்தேன். கைக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. மறுநாள் படகிலிருந்து நீரில் விட்டபோது ஒருமுறை தலையை அமிழ்த்தி எடுத்தது, சிறகால் நீரை இருமுறை அடித்தது, பிறகு அலைக்கு அப்பால் போய்விட்டது.

தேடுவதற்கு மலையேற வேண்டாம், தெருவில் நடந்தால் போதும். அம்மாவின் முழங்காலுக்குப் பொருந்தும் வேலை அது. நடுத்தர அட்டைப் பெட்டி ஒன்றும் பழைய துண்டு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் பக்கங்களில் காற்றுக்குத் துளையிட மறக்க வேண்டாம். ஒரு பெட்டியில் ஒரு பறவைதான் வைக்க வேண்டும். தண்ணீரோ உணவோ கொடுக்கக் கூடாது. எடுத்ததும் தேடிக்கொண்டிருப்பவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள்.


கிளைட்கரை எழுதியது:

அக்கா, இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "ஒரு பெட்டி போதுமா?" மருத்துவமனைக் கிடங்கில் கையுறை வரும் அட்டைப் பெட்டிகள் காலியாகக் கிடக்கின்றன. ஆறு கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மாலெய்க்கில் வெள்ளி இரவுக்கு அறையும் எடுத்தாகிவிட்டது.